லைன் ஏழு

சௌராஸ்தா மார்க்கெட் மாடியில்
நாலு வெள்ளிக்கு வாங்கினேன் இந்தப் பயிற்சி நூலை.
முதல் பக்கத்தில் ஒரு பெயர்:
லிம் பெக் ஹார், நான்காம் படிவம், கெனாங்கா வகுப்பு.
உள்ளே பென்சிலில் அவள் விடைகள்,
அவற்றின் மேல் யாரோ கோபமாய்ப் போட்ட
சிவப்புப் பெருக்கல் குறிகள்.
இரவு ஷிப்டுக்குப் போகும் பேருந்தில்
ஒவ்வொன்றாய் அழிக்கிறேன்.
ஜெலுத்தோங் கடலோர விளக்குகள்
பக்கத்தின் மேல் ஏறி இறங்கி ஓடுகின்றன.
தப்பு போய்விடுகிறது.
சிவப்புதான் போகமாட்டேன் என்கிறது.

தமிழ்ப்பள்ளியில் இதற்குக் கருத்துணர்தல் என்று பேர்.
ஆங்கிலத்தில் காம்ப்ரிஹென்ஷன்.
சொல்லிப் பார்த்தால்
வாய்க்குள் ரம்புத்தான் கொட்டை உருள்கிறது.

பத்தி: ஆற்றோரம் ஓர் ஊர், மூன்று நாள் மழை.
கேள்வி நான்கு:
லைன் ஏழில் 'ஸ்பேர்' என்ற சொல்லின் பொருள் என்ன?

புத்தகத்தில் லைன் என்றால் வரி.
எனக்கு லைன் ஏழு என்றால்
பதினெட்டுப் பேர், ஒரு பெல்ட்,
பாயான் லெப்பாசில் விடியும்வரை அணையாத வெள்ளை வெளிச்சம்.
ஸ்பேர் எனக்கா தெரியாது?
பதினோரு வருடமாய் ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்குகிறேன்,
ஸ்பேர் பெல்ட், ஸ்பேர் கையுறை.
ஆள் வராத நாளில்
சூப்பர்வைசர் வாயில் நானே ஸ்பேர்.
தயங்காமல் எழுதினேன்:
வெள்ளம் அந்த வீட்டுக்கு உதிரி பாகம் கொடுத்தது.

கடைசிப் பக்கத்து விடையைப் பார்த்ததும்
பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.
'கெனாப்பா?' என்றாள் நோர்ஹயாத்தி.
மலாயில் விளக்குவதற்குள்
பாதிச் சிரிப்பு வழியில் சிந்திவிட்டது.

வெள்ளம் அந்த வீட்டை விட்டுவைத்தது.

மிச்சமும் இரக்கமும்
ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன,
நடுவில் ஒரு சுவர்கூட இல்லாமல்.
அன்றிலிருந்து நாக்கில் அதே வேலை.
மழை என் துணியை விட்டுவைத்தது.
பூனை ஒரே ஒரு கெம்போங் மீனை விட்டுவைத்தது.
இறந்தகாலத்துக்கு வால் சேர்க்க மறந்து
திரும்ப முதலிலிருந்து சொன்னேன்.

செவ்வாய் காலை, ஷிப்டு முடிகிற நேரம்,
அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்.
ஆங்கிலம் மட்டும்.
முன்னால் நாற்பது பேர், நான்கு மொழி முணுமுணுப்பு.
'லைன் ஏழு ஸ்பேராம்' என்றாள் நோர்ஹயாத்தி,
'அப்போ நாம வேண்டாதவங்களா?'
அவள் முகம் மாஸ்க்குக்குள் சுருங்கியது.

பென்சில் இல்லாமல் விரலால் தொட்டுத்தொட்டு
மேலிருந்து படித்தேன்.
எந்தச் சொல்லும் என்னைத் தள்ளிவிடவில்லை.
இல்லை, நம்மை விட்டுவைத்திருக்கிறார்கள் என்றேன்.
யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.
விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது.
லைன் ஐந்து, இம்மாதம் முப்பதாம் தேதியோடு.

லைன் ஐந்தில் துளசிமணி.
பின்னால் நின்று எட்டிப்பார்த்து,
'என்னடி போட்டிருக்கான்?' என்றாள்.

எழுதியவரின் மனநிலை என்ன?
பத்தியிலிருந்து சான்று தருக.
சான்று இல்லை. கையெழுத்தும் அச்சு.
உங்கள் சொந்தச் சொற்களில் கூறுக,
பத்துச் சொல்லுக்கு மிகாமல்.

என் சொந்தச் சொற்கள்
அந்த நேரம் பார்த்து எங்கே போயின?
பாத்ரூம் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன்.
எத்தனை சொல் ஆயிற்றென்று எண்ணவில்லை.

திரும்பும் பேருந்தில் வெயில்.
புத்தகம் தானாகவே அந்தப் பக்கத்தில் திறந்தது.
கடைசிக் கேள்வி:
அடித்துச் செல்லப்பட்ட வீட்டுக்காரர்
பக்கத்து வீட்டாரிடம் என்ன சொல்லியிருப்பார்?
லிம் பெக் ஹார் எழுதியிருந்தாள்,
கோணல் எழுத்தில், தெரியாது என்று.
அதன் மேலும் ஒரு சிவப்புக் குறி.
அழிப்பானை எடுத்தேன்,
பைக்குள் போட்டுவிட்டேன்.

துளசிமணி சன்னலோரம்,
கடலைப் பார்ப்பதுபோல் இருந்தாள்.
பாலம் தெரிகிற வளைவு தாண்டியதும்
பக்கத்தைத் தன் பக்கம் இழுத்து,
'இது நாலு வெள்ளிதானே?' என்றாள்.